பாவுப் பைக்குள் நான் வைத்த கவர்

1. பேக்கிங் டேபிள்

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருடம் பேக்கிங் டேபிளுக்கு நான்தான் இன்சார்ஜ். என் பெயர் மல்லிகா. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். கடை வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாமர்த்தியமாகச் செய்த காரியங்களை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் பயந்து செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. முதல் நாள் என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, சேலையில் கட்டியிருக்கும் விலைச் சீட்டு நூலை வெட்டச் சொன்னார்கள். பட்டுக்குப் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோக எனக்குக் கை வரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். ஃப்ளோர் மேனேஜர் பாஷா பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார். எச்சில் பட்ட சேலையை எந்த வீட்டில் கல்யாணத்துக்குக் கட்டுவார்கள் என்று கேட்டார். அன்று இரவு எனக்கு வேலை போய்விட்டது போல ஜுரமே வந்துவிட்டது.

பேக்கிங் என்றால் ஏதோ சுற்றிக் கொடுக்கிற வேலை என்று நினைப்பார்கள். சேலையை ஜரிகை உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து, வெள்ளைத் துணியில் வைத்து, பில்லோடு சரிபார்த்து, குங்குமம் மஞ்சள் பொட்டலம் வைத்து, பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். முகூர்த்தச் சேலையானால் முதலாளியே எழுந்து வந்து பையை இரண்டு கையாலும் கொடுப்பார். அந்தப் பை கசங்கியிருந்தால் அன்றைக்கு எனக்குத் திட்டு நிச்சயம்.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. என் சம்பளம் ஒன்றில்தான் வீடு நடந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எனக்கு எதனால் அவ்வளவு பயம் என்று தெரிந்தால்தான் பின்னால் சொல்லப்போவது விளங்கும்.

2. துணி இல்லாத துணிப்பை

ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 தொடக்கத்தில் தடை வந்தது. அதற்கு முந்தைய மாதமே கடைத்தெருவில் வேறு பேச்சு கிடையாது. எங்கள் கடையில் பெயர் அச்சடித்த பளபள பிளாஸ்டிக் கவர்கள் மாடி அறையில் மூட்டை மூட்டையாக இருந்தன. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அதற்குப் பதிலாக முதலாளி துணிப்பை வாங்கினார். கைப்பிடி வைத்தது, மெரூன் கலர், தொட்டால் துணி மாதிரியே இருக்கும். விலையும் குறைவு.

பத்து நாளில் முனிசிபாலிட்டியிலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி, சத்தம் போட்டுப் பேசாதவர். என் டேபிளிலிருந்து ஒரு பையை எடுத்தார். ஓரத்தைக் கிழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடமே நீட்டினார்.

"இதுல ஒரு இழை உருவிக் காட்டும்மா."

நகத்தால் சுரண்டினேன். இழை வரவில்லை. வருவதற்கு அதில் இழையே இல்லை. நீளவாக்கில் பாவும் கிடையாது, குறுக்கே ஊடையும் கிடையாது. பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்தின தாள் அது. அவர் தீக்குச்சி கிழித்து ஓரத்தில் வைத்தார். சுருண்டு கறுத்துச் சொட்டியது. நாற்றம் கடை முழுக்கப் பரவியது.

"எங்க வீட்லயும் தறி இருக்குதுமா. காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு, நெய்ஞ்சது எது நெய்யாதது எதுன்னு தெரியலன்னா எப்படி?"

சுற்றி நின்ற சேல்ஸ் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் அப்பா நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். எனக்கு அந்தப் பையை முதல் நாள் தொட்டபோதே தெரியும். முதலாளி வாங்கியதைக் குறை சொல்ல பயந்து வாயை மூடிக்கொண்டேன். இப்போது தெரியாதவள் போலத் தலையைக் குனிந்தேன்.

அவர் இந்த முறை எச்சரிக்கை மட்டும் எழுதினார். பைகளை எடுத்துப் போனார். அடுத்த முறை அபராதம், அதற்கடுத்த முறை கடைக்குச் சீல் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. பயப்பட அது போதுமாக இருந்தது.

3. மூன்று வரிக் கடிதம்

மறுநாள் காலை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் டைப் செய்த ஒரு காகிதம். பேக்கிங் பிரிவில் தடை செய்யப்பட்ட பை எதுவும் வைக்கமாட்டேன், வைத்தால் அதற்கு நானே முழுப் பொறுப்பு, நிர்வாகத்துக்குத் தெரியாது என்று மூன்று வரி. கீழே என் பெயர்.

படித்தேன். புரிந்தது. ஏன் நான் மட்டும் என்று கேட்க நினைத்தேன். பாஷா பாய்தான் தளம் முழுக்கப் பொறுப்பு, அவர் கையெழுத்து ஏன் இல்லை என்றும் மனதில் வந்தது. முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் வைத்துவிட்டு போனில் யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் ரவிக்கை முதுகில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஒழுங்காகத்தான் நடந்தது. உண்மையான துணியில் பை தைக்கக் கொடுத்தோம். காடாத் துணியில் மஞ்சள் பை. சாதா நாட்களில் அது போதுமாக இருந்தது. கார்த்திகையில் முகூர்த்தமும் மழையும் ஒன்றாக வந்தது. தையற்காரர்களால் தைத்து முடிக்க முடியவில்லை. காகிதப் பையில் போட்டுக் கொடுத்தோம். வேலூரிலிருந்து வந்த ஒரு பெண்வீட்டார் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்கள். "இவ்ளோ விலை குடுத்துப் பொடவ எடுத்துக்கினு, மழையில பேப்பர்ல தூக்கினு போவ சொல்றீங்களே" என்று அந்த அம்மாள் கேட்டார். முகூர்த்தச் சேலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்க்கறை விழுந்தாலும் அவர்களுக்கு அது அபசகுனம்.

அன்று மாலை முதலாளி ஓர் அட்டைப் பெட்டியை டேபிளுக்கு அடியில் வைக்கச் சொன்னார். உள்ளே பெயர் அச்சிடாத வெறும் கவர், பாக்கெட் பாக்கெட்டாக. மழை பெய்தால் மட்டும், தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடு என்றார். வெளியே யாராவது பிடித்தால்கூட எந்தக் கடைக் கவர் என்று தெரியாது. அதற்காகத்தான் பெயர் இல்லை.

கடிதம் எழுதி வாங்கினீர்களே என்று நான் கேட்கவில்லை. பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினேன். அன்று முதல் வாசலில் காக்கி நிறத்தில் எது தெரிந்தாலும் பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளுவேன். தபால்காரர் வந்தாலும் அப்படித்தான்.  மழை வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அந்த வருடம் காஞ்சிபுரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

4. தரையில் வைத்த பாவு

ஒரு வியாழக்கிழமை காலை, பதினொரு மணி இருக்கும். பெட்டியில் கடைசியாக இரண்டு பாக்கெட் மிச்சம் இருந்தது. பாஷா பாய் வாசலிலிருந்து வேகமாக உள்ளே வந்தார். என் டேபிளைத் தாண்டும்போது நிற்காமல், "பக்கத்துக் கடையில இருக்காங்கமா. அடுத்து நாமதான்" என்று சொல்லிவிட்டு முதலாளி அறைக்குப் போனார்.

 பாக்கெட்டுகளைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோகலாம் என்றால் கடையைக் குறுக்கே தாண்ட வேண்டும். மாடிக்கு என்றால் படிக்கட்டு வாசல் பக்கம். டேபிள் மேல் ஒரு பை இருந்தது. எங்கள் கடைக்கு நெய்கிற ஏகாம்பரத்தின் பை.

ஏகாம்பரம் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். எங்கள் கடை பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் கொடுக்கும். அவர் வீட்டுத் தறியில் நெய்து சேலையாகக் கொண்டுவந்து கொடுப்பார். அன்று அவர், நெய்து முடித்த சேலையை ஒப்படைத்துவிட்டு, அடுத்த மூன்று சேலைக்கான பாவை வாங்கிப் பையில் வைத்து, கடையில் சேலையைச் சரிபார்த்து முடிக்கும்வரை காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று என்னிடம் விட்டுப் போயிருந்தார்.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள். ஆயிரக்கணக்கான இழையை வரிசை குலையாமல் சுருட்டி, துணியில் கட்டிக் கொடுப்பார்கள். ஒரு தரம் கட்டினால் வீட்டுக்குப் போய்க் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அவிழ்ப்பார்கள். வழியில் வேற்றாள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தொட விடவும் மாட்டார்கள். தறிவீட்டில் பிறந்த எனக்கு இது தெரியும். தறிவீட்டில் பிறந்த இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அந்தப் பையில் அவர் கை வைக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு பாக்கெட்டையும் எடுத்துப் பாவுக்கு அடியில் செருகினேன். பையை டேபிளுக்கு அடியில், காலி அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளினேன். நிமிரும்போது இன்ஸ்பெக்டர் எதிரில் நின்றார்.

டேபிளைப் பார்த்தார். அலமாரியைத் திறக்கச் சொன்னார். மஞ்சள் பையில் ஒரு இழை உருவிப் பார்த்தார். காலிப் பெட்டியை எடுத்துத் தரச் சொல்லிக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "நல்லா வெச்சிருக்கீங்கமா" என்றார். முதலாளி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். 

கிளம்பியவர் காலிப் பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கக் குனிந்தார். அந்தப் பையைப் பார்த்துவிட்டார். அதன் வாயில் பாவு கட்டிய வெள்ளைத் துணி தெரிந்தது.

"இன்னாமா, பாவைத் தரையில வெச்சிருக்கீங்க?"

அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாவைத் தரையில் வைக்கமாட்டார்கள், கால் படும் என்று. குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பதற்றத்தில் அது எனக்கு மறந்துபோனது. அவர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, டேபிள் மேல் வைப்பதற்காக இரண்டு கையாலும் பையைத் தூக்கினார். பாதியில் நின்றார். பை சரசரத்தது. கையில் எடையைப் பார்க்கிறவர் மாதிரி ஒரு தரம் ஏற்றி இறக்கினார்.

"எத்தினி பொடவப் பாவு இது?"

மூன்று என்றேன்.  மூன்று சேலைப் பாவு இந்தக் கனம் கனக்காது, சத்தமும் போடாது என்றார். யாருடைய பை என்று கேட்டார். அதற்குள் ஏகாம்பரம் காபி குடித்துவிட்டு வந்துவிட்டார். தன் பைதான் என்றார். இன்ஸ்பெக்டர் பையை அவரிடம் கொடுத்து, என் கை படவேண்டாம், அடியில் என்ன இருக்கிறதென்று நீங்களே எடுங்கள் என்றார்.

ஏகாம்பரம் கையை விட்டார். ஒரு பாக்கெட் வந்தது. அப்புறம் இன்னொன்று. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான். முதலாளி உடனே பேசினார்.

"அவர் சம்சாரம் வரதர் கோயில்கிட்ட பூ விக்கிறாங்க சார். அந்தக் கவரா இருக்கும்."

சொன்னது நம்புகிற மாதிரிதான் இருந்தது. ஏகாம்பரத்தின் மனைவி பெருந்தேவி தினமும் விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போவது அதே பையோடுதான். ஏகாம்பரம் மெதுவாகத் தலையாட்டினார்.

"எங்க வீட்டுதாத்தான் இருக்கும் சார். வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே இருந்தேன். வாங்கி வெச்சிருக்கா."

அப்போது எனக்கு ஒரு முழு நிமிடம் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்து, பேனாவைத் தேடி, ஏகாம்பரத்தின் பெயரைக் கேட்டு எழுதுகிறவரை. நான் வாயைத் திறந்திருந்தால் போதும். அந்த மூன்று வரிக் கடிதம் கண்ணுக்கு முன்னால் நின்றது. வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரும் நினைவுக்கு வந்தார். நான் மஞ்சள் பைகளை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த பைகளையே திரும்ப அடுக்கினேன். ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

5. மூன்று வாரம்

அபராதத்தை முதலாளியே கட்டினார். பெரிய மனசு என்று கடையில் சொன்னார்கள். அதே கையோடு, இந்தப் பாவு நெய்து முடிந்ததும் ஏகாம்பரத்துக்கு அடுத்த பாவு கிடையாது, கொஞ்ச நாள் போகட்டும் என்று பாஷா பாயிடம் சொல்லிவிட்டார். கடைப் பெயர் கெடுகிறதாம். பாவு இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்கும். நெசவாளி வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு வேலை போகவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். முன்பு வாசலைப் பார்த்துப் பயந்தவள், இப்போது வீட்டில் தலைவாரும்போதும் பயந்தேன். அந்த இரண்டு பாக்கெட்டில் எங்கள் கடையின் அடையாளம் ஏதாவது இருந்திருக்குமா, யாராவது நான் குனிந்ததைப் பார்த்திருப்பார்களா என்று ஒரே யோசனை. சேல்ஸ் பெண்கள் தங்களுக்குள் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். பில் மாறி இரண்டு சேலையைத் தப்பாகக் கொடுத்தேன். பேக்கிங்கில் இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

ஒருநாள் டீ குடிக்கும்போது பாஷா பாய் சாதாரணமாகச் சொன்னார். ஏகாம்பரம் வீட்டில் பெரிய சண்டையாம். கவர் நான் வைக்கவில்லை என்று அந்த அம்மாள் சொல்கிறாராம். இவர் நம்பவில்லையாம். மூன்று வாரமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லையாம். ஒரே வீட்டில் தனித்தனியாகச் சமைக்கிறார்களாம். பாவம் பா, ரெண்டு கவருக்கு என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு சின்ன காஞ்சிபுரம் போனேன்.

6. வாசற்படியில்

ஏகாம்பரம் முன் அறையில் தறியில் இருந்தார். அன்றைக்கு வாங்கிப்போன அதே பாவுதான் தறியில் ஓடிக்கொண்டிருந்தது, மாம்பழ மஞ்சள். வாங்கமா என்றார். கையை நிறுத்தவில்லை. உள்ளே நடைக்குப் பக்கத்தில் பெருந்தேவி ஈரத்துணியில் மல்லியைக் கொட்டித் தொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். அவர் தறியைத் தாண்டி வந்தபோது ஏகாம்பரம் காலை இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

எதற்கு வந்தேன் என்று கேட்டார்கள். இந்தப் பக்கமாக வந்தேன், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று, அப்படி இப்படி ஏதோ சொன்னேன். பெருந்தேவி திரும்பி உட்கார்ந்து பூவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் தொடுக்கவில்லை.

"அக்கா, நீங்க அன்னைக்கு அங்கதானே இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க. நான் கவர் வாங்கறத விட்டே எட்டு மாசம் ஆச்சு. இலையிலதான் கட்டிக் குடுக்கறேன். அந்தப் பைய காலையில நான்தான் உதறிக் குடுத்தேன். அதுல ஒண்ணும் இல்லக்கா."

ஏகாம்பரம் தறியிலிருந்தே, வரதர் மேல் சத்தியம் செய்கிறாள், சத்தியம் செய்தால் கவர் வானத்திலிருந்து விழுந்துவிடுமா என்றார். என்னிடம் சொல்வது போல, மனைவிக்குச் சொன்னார். கடையில் எல்லோர் எதிரிலும் என் மானம் போயிற்று, பாவும் போகப்போகிறது, இத்தனைக்கும் பிறகு ஒத்துக்கொள்ளவாவது வேண்டாமா என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான்: "விடுங்கமா. முடிஞ்சு போன விஷயம்."

பெருந்தேவியின் முகத்தை நான் மறக்கமாட்டேன். தலையைக் குனிந்து பூவைத் தொடுக்க ஆரம்பித்தார். நான் எழுந்தேன். வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டேன். தெருவில் இறங்கினால் முடிந்தது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். கால் வரவில்லை. அங்கேயே, செருப்போடு, படியில் நின்றபடியே உள்ளே பார்த்துச் சொன்னேன்.

"நான்தான் வெச்சேன். கடைக் கவர். பயத்துல உங்க பையில வெச்சுட்டேன்."

தறி நின்றது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அந்த வீட்டைத் தவிர. ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். திட்டுவார், எழுந்து வந்து அடித்தாலும் அடிப்பார் என்று ஒரு காலை ஏற்கெனவே கீழ்ப்படியில் வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. தறியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"கடையில வந்து இதச் சொல்லுவியா மா?"

அதுவரை நீங்க என்று பேசியவர். சொல்கிறேன் என்றேன்.

7. முதலாளி அறை

மறுநாளே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மூன்று நாள் முதலாளி அறைக் கதவுவரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் உள்ளே போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினாலும் பரவாயில்லை, ஏகாம்பரத்துக்குப் பாவை நிறுத்தாதீர்கள் என்றேன். பரவாயில்லை என்று வாய் சொன்னது. மனசு சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மல்லிகா. நான் வாங்கின கவர் எனக்குத் தெரியாதா? பாஷா பாய்கிட்ட கையெழுத்து வாங்கியிருந்தா, கவர எடுத்து இன்ஸ்பெக்டர் கையில குடுத்துட்டு, முதலாளிதான் வெக்கச் சொன்னாருன்னு நேரா சொல்லியிருப்பாரு. நீ பயப்படற ஆளு. எப்படியாவது மறைச்சுடுவேன்னு தெரியும்."

என்னைப் பாராட்டுகிற மாதிரி சொன்னார். ஏகாம்பரத்துக்குப் பாவு போடச் சொல்கிறேன், இதை இத்தோடு விடு, போய் வேலையைப் பார் என்றார். அவ்வளவு சுலபம். நான் போய் வேலையைப் பார்த்தேன். கடிதத்தைத் திருப்பிக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். அங்கேயே இன்னும் சில வருடம் இருந்து, வயதாகித்தான் வெளியே வந்தேன். அந்தக் கவர்கள் மட்டும் அதற்குப் பிறகு என் டேபிளுக்கு வரவில்லை. கொண்டுவந்து வைத்தால் வாசலில் போட்டுவிடுவேன் என்று பாஷா பாயிடம் சொல்லி அனுப்பினேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லை.

பாவு போடுகிறோம் என்று ஆள் அனுப்பியும் ஏகாம்பரம் வரவில்லை. தறி இரண்டு மாதம் சும்மா கிடந்தது. அப்புறம் வேறு கடைப் பாவு கிடைத்தது.

எனக்கு வேறொரு ஆறுதல் இருந்தது. தாமதமாகவாவது சொன்னேன், அந்த வீட்டில் சண்டை தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பக்கம் பெருந்தேவியைப் பார்த்தேன். வாழையிலையில் பூ கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு முழம் அளந்து கொடுத்தார். மன்னித்துவிடும்மா என்றேன். அவர் என்னிடம் கோபப்படவில்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்து சொன்னார்.

"இப்ப பேசறாரு அக்கா, நல்லாத்தான் இருக்காரு. நீங்க வாசல்ல நின்னு ஒரு வார்த்த சொன்னீங்க, உடனே நம்பிட்டாரு. நான் இருவத்தாறு வருஷமா கூட இருக்கேன். மூணு வாரம் அழுது சொன்னேன், நம்பல. எனக்கு அதுதான்கா ஆறல."

நான் பூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். 

கடை வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயம் எல்லோருக்கும் வரும், வரட்டும். பயத்தில் ஒரு தப்பு செய்துவிட்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். உடனே சொன்னால் வேலை போகும், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்துச் சொன்னால் என்ன போகும் என்பதை நான் அந்த வீட்டில் பார்த்துவிட்டேன்.